நாற்பது விழுக்காடு ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

மரக்காணம் உப்பளத்தில் கோடையில் வேலை செய்பவருக்குத் திடீரென ஒரு கண் மங்கினாலோ கால் தடுமாறினாலோ, வெயில் தாக்கிவிட்டது என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். சற்று நேரம் நிழலில் உட்கார்ந்தால் தெளிந்தும்விடும். ஆனால் தண்டுவட மரப்பு நோயிலும், அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும், இப்படித்தான் நடக்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அரித்துவிடுகிறது; உறை இழந்த நரம்பு, உடல் கொஞ்சம் சூடேறினாலே தடுமாறுகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே இதை விவரித்துவிட்டார். உப்பு விளையும் கரையில் இந்த நோய் வெயிலுக்குள் ஒளிந்துகொள்ளும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதல் தாக்குதலும் இரண்டாவது தாக்குதலும் கணக்கில் வராமலே கழிந்துவிடக்கூடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாடு அரசு இந்நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் சட்டத்தின் முக்கியமான சலுகைகளுக்கு வாசற்படி 40 விழுக்காட்டுப் பாதிப்பு. கொள்கை தலைகீழாக நிற்பது இங்கேதான். பெரும்பாலோருக்கு இந்நோய் 20 முதல் 40 வயதுக்குள், விட்டுவிட்டு வரும் தாக்குதல்களாகத் தொடங்குகிறது. மருந்து நன்றாகக் கேட்பதும் அந்தக் கட்டத்தில்தான். அழிந்துபோன நரம்பை மீட்க இன்று மருந்து கிடையாது. நடை போனபின் உதவித்தொகை தரும் அரசு, நடை போகாமல் காக்கும் மருந்துக்கு முதலில் பொறுப்பேற்க வேண்டும்.

செலவு தாங்காது என்பார்கள். புதிய மருந்துகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் இந்நோய்க்கும் பயன்படும் ரிட்டுக்ஸிமாப் மருந்தின் விலை குறைந்த உயிரிநகலை இந்திய நிறுவனம் ஒன்று 2007 முதலே தயாரிக்கிறது. சுவீடனில் ஏறத்தாழ 200 நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கே மறுதாக்குதல் வந்தது. டைமீத்தைல் ஃபியூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கு வந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கான இன்றியமையா மருந்துகளில் ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்தது. தொற்று அபாயம் உண்டு, முன்கூட்டியே ஹெபடைடிஸ் பி சோதனை வேண்டும் என்பதும் சரியான எச்சரிக்கையே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து என்பதால், அந்தக் கண்காணிப்பு அரசு மருத்துவக் கல்லூரிகளால் இயலாத காரியமல்ல. நோயாளிகள் சிலர்தானே என்றும் கேட்பார்கள்; அப்படியென்றால் செலவும் சிறியதுதானே! தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நிறுவனம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுவீடாகச் செல்கிறது. அதன் பணியாளர்களுக்கு, ஒரு கண் வலியோடு மங்குவதும் ஒரு கால் மரத்துப்போவதும் வெயிலால் மட்டும் வருவதல்ல என்று சொல்லிக்கொடுக்க ஒரு நாள் பயிற்சி போதும்.

நோய் உறுதியான நாளிலிருந்தே, விழுக்காடு கேட்காமல், மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் ரிட்டுக்ஸிமாப் இலவசமாகக் கிடைப்பதை உறுதிசெய்யும் ஆணையை மக்கள் நல்வாழ்வுத் துறை அடுத்த கோடைக்கு முன் பிறப்பிக்க வேண்டும்.