விறகுக்குள்ளே ஒரு பாலாறு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை... இப்படியே போகும் அந்த லிஸ்ட். (பெண்களைப் பற்றியும் அதில் ஒரு அயிட்டம் உண்டு. இந்தப் பத்திரிகையை என் வீட்டிலும் வாங்குகிறார்கள். ஆகவே தாண்டிப் போகிறேன்.) சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறு கூட 2021 நவம்பரில் 'நானும் ஆறுதான்யா' என்று கரைபுரண்டு காட்டியது. மலைகள் மட்டும் என் தலை மாதிரி அப்படியே இருக்கின்றன.

இந்தச் சீமையில்தான் ஆம்பூர் பிரியாணி விறகில் வேகிறது! ஊர் முழுக்க கேஸ் கனெக்‌ஷன் வந்தும் கல்யாண பிரியாணி மாஸ்டர்கள் விறகை விடுவதாயில்லை.

நான் ரிடையரான பேங்க் ஆசாமி. ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்து வாத்தியார் ஒருவர், போன சித்திரையில், "சார், லீவுல பசங்க சும்மா திரியுதுங்க. வந்து எதனா சொல்லிக் குடுங்க" என்றார். கூட்டு வட்டியைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று போனேன். பதினோரு பிள்ளைகள். வட்டி விகிதம் என்று ஆரம்பித்த ரெண்டாவது நிமிஷம் மூணு பேர் கொட்டாவி. சரி, பேச்சை மாற்றுவோம் என்று, "காலையில எழுந்ததும் வீட்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

ஆறு கைகள் உயர்ந்தன. "அடுப்பு பத்த வைக்கணும் சார்!"

"ஏன், கேஸ் இல்லையா?"

"கீது சார். விருந்தாளி வந்தா பத்த வைப்போம்" என்றது ஒரு ரெட்டைச் சடை. சிலிண்டருக்கு எம்ப்ராய்டரி போட்ட உறை மாட்டி, கல்யாணப் பெண் மாதிரி மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அம்மா ஷூ கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் சோறு, குழம்பு. அம்மா காய் நறுக்க, பொண்ணு அடுப்பு ஊத... "ஒரே புகை சார். தம்பிக்கு இளைப்பு வந்துடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வந்துடும் என்பது மாதிரி. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 5 வயசுக்குக் கீழே இருப்பவர்கள் 2 லட்சத்துக்கும் மேலே. கேஸை தினமும் பற்ற வைத்தால் தீர்ந்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். சிலிண்டருக்குப் பணம் யார் தருவது? மாசம் பூரா விறகை எரிக்கத்தான் போகிறார்கள் என்றால், காய்ந்த விறகையாவது எரிக்கட்டுமே. புகை அடியோடு போகாது, நிறையக் குறையும்.

வட்டியைக் கட்டி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த பிரியாணி மாஸ்டரிடம் பதினோரு பேரையும் ஓட்டிக் கொண்டு போனேன். அவரே சின்னதாக விறகுக் கடையும் வைத்திருக்கிறார்.

"பாய், பசங்களுக்கு விறகு காய வைக்க, அடுக்கக் கத்துக் குடுக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், பென்ஷன் நிறுத்திட்டாங்களா?"

ஆனால் மனுஷர் பிரமாதமான வாத்தியார். ரெண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'டொக்' என்றது. "இது பச்சை." இன்னொரு ஜோடி. 'டங்' என்று மணி மாதிரி. "இது காஞ்சது. அடி முனையப் பாரு, சூரியன் மாதிரி வெடிப்பு வுட்டுகீதா? தூக்கிப் பாரு, லேசா இல்ல?" அடுத்த கால் மணி நேரம் அந்தத் தெருவில் டொக், டங் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பொடியன் என் தலையையும் தட்டிப் பார்க்கலாமா என்கிற மாதிரி பார்த்தான். நகர்ந்துகொண்டேன்.

விறகை ஏன் பிளக்கிறோம்? மரத்துக்குப் பட்டை ஒரு ரெயின் கோட். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துணி காயப்போட முடியுமா? பிளந்துவிட்டால் தண்ணீர் போக வழி கிடைக்கிறது. கோடாலியை மட்டும் பாய் யாரிடமும் தரவில்லை. "மீசை முளைச்சதும் வா, தர்றேன்" என்றார். "அப்ப எனக்கு?" என்றாள் ரெட்டைச் சடை. பாய் வெகுநேரம் தாடியைத் தடவிக் கொண்டிருந்தார்.

அடுக்குவதில்தான் வித்தையே. தரையில் நேரே போட்டால் ஈரமும் கரையானும் ஏறும். கீழே ரெண்டு வரிசை கல். அதன் மேல் இடைவெளி விட்டு நீட்டுவாக்கில் கட்டைகள். ரெண்டு ஓரத்திலும் மட்டும் ஒரு வரிசை நெடுக்கே, ஒரு வரிசை குறுக்கே என்று கோபுரம் மாதிரி கட்டிவிட்டால் அதுவே தூண். நடுவில் இருப்பது சரியாது. வீட்டுச் சுவரோடு ஒட்டக் கூடாது. உயரம், இருப்பதிலேயே குள்ளமான பிள்ளையின் மார்பு வரைக்கும்தான். மேலே மட்டும் தகரம், பக்கவாட்டில் திறந்து கிடக்கணும். சிலர் பாசத்தோடு தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி மூடுகிறார்கள். அது காய வைப்பதில்லை, இட்லி வேக வைப்பது!

"சந்துல காத்து பூரும். தேளும் பூரும், பாம்பும் பூரும். அதனால கைய வுடாத. குச்சியால தட்டிட்டு மேலேர்ந்து எடு" என்றார் பாய். அத்தனை பேரும் சட்டென்று ஒரு அடி பின்னால் போனார்கள்.

தைமாசம் பிளந்து அடுக்கினால் நம்மூர் கத்திரி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் தாழ்வாரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். வேலிக்காத்தான் சுள்ளி சில வாரத்தில் தயார். புளி, மாங்கட்டை மாதிரி தடித்ததெல்லாம் மாசக் கணக்கில் தவம் இருக்கணும். முருங்கையை எரிப்பதும் பேப்பரை எரிப்பதும் ஒன்று. அரளியை மட்டும் தொடவே கூடாது, அதன் புகையே விஷம்.

அப்போதுதான் ஒரு பையன், "எங்க வீட்ல ஷூ தோல் துண்டு போட்டுத்தான் பத்த வைப்போம். சூப்பரா எரியும்" என்றான். இந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்தில் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும். இன்றைக்குப் பெரும்பாலும் குரோமியத்தில். எரித்தால் அது இன்னும் மோசமான விஷமாக மாறக்கூடும். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு எழுதியது. ஆற்றில் போனதை நாமாகவே அடுப்பங்கரைக்கு அழைப்பானேன்? பையன் முகம் சுண்டிப் போச்சு. "அப்ப எதுல பத்த வைக்கறது?" பாய் அவன் கையில் ஒரு காய்ந்த தென்னம்பாளையைக் கொடுத்தார்.

பிறகு என் கச்சேரி. பேங்க் ஆசாமியிடம் கணக்கு இல்லாமல் எப்படி? பச்சை மரத்தில் பாதி எடை வரை தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ பச்சை விறகை எரித்தால், உள்ளேயிருக்கும் அரை லிட்டரை ஆவியாக்கித் துரத்திய பிறகுதான் சோற்றுப் பானையைக் கவனிக்கும். அந்தத் துரத்தலுக்குச் செலவாகும் சூட்டில் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போகலாம். பாலாற்றில் காணாமல் போகிற தண்ணீர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதை எடை போட்டு, காசு கொடுத்து வாங்கி, புகையாக்கி, தம்பி நெஞ்சுக்குள் அனுப்புகிறோம்.

பிள்ளைகள் நம்பவில்லை. நல்லதுதான். பாயிடமிருந்து, அன்றைக்குப் பிளந்த மாங்கட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினோம். சாக்பீஸால் நம்பர் போட்டு ஸ்கூல் பின்புற அடுக்கில் வைத்தோம். வாரா வாரம் சனிக்கிழமை மளிகைக்கடைத் தராசில் எடை. நோட்டுப் புத்தகப் பொறுப்பு ரெட்டைச் சடைக்கு. முதல் நாள் 2 கிலோ 100 கிராம். முதல் ரெண்டு வாரம் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் சோம்பேறித்தனமாக. ஸ்கூல் திறந்த பிறகும் விடவில்லை. ஆனி பிறந்தபோது 1 கிலோ 350-ல் வந்து நின்றது. அடுத்த வாரமும் அதேதான். தட்டினால் 'டங்'!

அதற்குள் ரெட்டைச் சடை வீட்டு வாசலிலும் ஒரு அடுக்கு எழும்பியிருந்தது. அவள் அம்மா, "ஊதறது பாதியா கொறைஞ்சிடுச்சு சார். புள்ள ராத்திரில இருமறதும் கொஞ்சம் பரவால்ல" என்றார். அடுக்கினால் இளைப்பு போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி, அடுத்த வாரமே வாத்தியார் கூட்டிக் கொண்டும் போனார்.

போன மாசம் பாய் கடைப் பக்கம் போயிருந்தேன். ரெட்டைச் சடை எனக்கு முன்னாலேயே அங்கே நோட்டும் கையுமாக நின்றிருந்தாள்.

"பாய் தாத்தா, 2 கிலோ 100-க்கு காசு வாங்கினீங்க. அதுல 750 கிராம் தண்ணி. தண்ணிக்குக் காசத் திருப்பிக் குடுங்க!"

பாய் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அந்த வட்டிக் கணக்கையே சொல்லிக் குடுத்திருக்கலாம்."