பாவம் என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்

இந்தப் பதிவைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்து, மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "பாவம் சார், விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்கிறார்கள். இதற்கு இரக்கம் என்று பெயர். நான் தட்டிக்கழித்தல் என்பேன்.

டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்று சொல்லும் இது, கருவிலோ பிரசவத்திலோ பிறந்த சில காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பு. தொற்றாது. மூளையில் உள்ள பாதிப்பு வயதோடு முற்றுவதும் இல்லை. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் எலும்பு மளமளவென்று நீளும்போது, இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. மூட்டு விறைக்கும். சிறு வயதில் நடந்த பிள்ளை பதினைந்தில் நடக்கத் திணறலாம். உடம்பை அசைத்தே ஆகவேண்டிய வயது அது. நாமோ அப்போதுதான், "பத்தாவது வந்துடுச்சு, எக்சர்சைஸ் எல்லாம் அப்புறம்" என்கிறோம்.

பயிற்சி செய்தால் தசை இன்னும் இறுகிவிடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பயந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் தினம் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. அவரவர் உடம்புக்குத் தக்கபடிதான்.

"அவனால என்ன விளையாட முடியும்?" என்பவர்களுக்கு ஒரு பதில்: போச்சா. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு. ஒரு வெள்ளைப் பந்து. அதற்கு மிக அருகில் போய் நிற்கும்படி ஒருவர் 6 சிவப்புப் பந்துகளையும், மற்றவர் 6 நீலப் பந்துகளையும் போடவேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆடலாம். கையால் எறிய முடியாவிட்டால் காலால் தள்ளலாம். அதுவும் முடியாதவர்கள் சாய்வுப் பலகையில் உருட்டிவிடலாம். பழகிப்பார்க்கப் பள்ளி வராந்தா போதாதா?

சட்டமும் அவர்கள் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. பை காக்கும் வேலை அதில் இல்லை.

எங்கள் தெருவில் இப்படி ஒரு பையன். பள்ளியில் ஸ்கோர் எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னான்: "எல்லாரும் ஒரு மேட்ச்சாவது தோத்திருக்காங்க தாத்தா. நான் இன்னும் ஒண்ணுகூடத் தோக்கல."

விழுவான் என்று பயப்படுகிறோம். நம் பேரப்பிள்ளைகள் எல்லாம் விழாமலா சைக்கிள் பழகினார்கள்? முட்டிவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னதும், நாம் விடியற்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லையா? நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா?

அடுத்த முறை பேரனின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனால், மரத்தடியைப் பாருங்கள். அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், தலைமையாசிரியரிடம் ஏன் என்று கேளுங்கள். வயதானவர்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.