ரயர் வெடிப்பது விதியல்ல

"ரயர் வெடித்ததால் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியது." இந்த வாக்கியத்தை நமது பத்திரிகைகளில் எத்தனை தடவை வாசித்திருப்பீர்கள்? நான் செய்தி மேசையில் இருந்த காலத்தில் பிராந்தியச் செய்தியாளர்களிடமிருந்து இது ஏறத்தாழ ஒரே சொற்களில்தான் வந்து சேரும். ஊரும் பெயர்களும் மாறும், வாக்கியம் மாறாது. அத்துடன் செய்தியும் முடிந்துவிடும். சாரதி நித்திரை தூங்கியிருந்தால் பழி அவர் மீது. மதுபோதையில் ஓட்டியிருந்தால் வழக்கு. ரயர் வெடித்தால் மட்டும், இடி விழுந்ததைப் போல அது விதியின் கணக்கில் எழுதப்பட்டு விடுகின்றது.

இந்த மனப்பாங்கை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஆணி ஏறலாம், கூரிய கல் கிழிக்கலாம், அவை நமது கையில் இல்லாதவை. ஆனால், வேக வீதியில் ரயர் திடீரெனச் சிதறும் பல சம்பவங்களுக்குப் பின்னால் வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் குறைந்து வந்த காற்று இருக்கின்றது. அந்தக் குறைவை எவராவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை என்பதே உண்மை.

காரின் பாரத்தைத் தாங்குவது இறப்பர் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைக்கப்பட்ட காற்று. இறப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மாத்திரமே. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். காற்றமுக்கம் குறையும்போது ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கின்றது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் அது சூடேறுவதை அறிவோம். அதே விதமாக ரயரும் சூடேறுகின்றது. வேகமும் பாரமும் வெயிலும் சேரும்போது அந்தச் சூடு ரயரின் அடுக்குகளைப் பிரித்துவிடக் கூடும். அளவுக்கு மிஞ்சிக் காற்றடித்தாலும் தீமைதான்: நடுப்பகுதி மாத்திரம் தேயும்; வீதியைப் பற்றும் பரப்புக் குறையும்.

அப்படியானால் சரியான அளவு எது? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் ரயர் கடைகளில் கிடைக்கும் விடை விசித்திரமானது. "ஐயா, எவ்வளவு அடிக்கிறது?" என்று பையன் கேட்பான். "வழக்கமா அடிக்கிறதை அடி தம்பி" என்பார் காரின் சொந்தக்காரர். அந்த வழக்கமான அளவு 30 இறாத்தல். சிறிய காருக்கும் 30, எட்டுப் பேர் ஏறும் வானுக்கும் 30. எல்லா நோயாளருக்கும் ஒரே குளிசையைக் கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா?

சரியான அளவை ஒவ்வொரு காரும் தன்னிடமே எழுதி வைத்திருக்கின்றது. சாரதியின் கதவைத் திறந்தால் கதவோரத்திலோ தூணிலோ ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரியும். ரயரின் அளவு, முன் சில்லுக்கு எவ்வளவு, பின் சில்லுக்கு எவ்வளவு என்பன அதில் இருக்கும். சில கார்களில் முழுப் பாரத்துடன் செல்லும்போது எவ்வளவு என்பதும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு அதுவல்ல. இரண்டையும் குழப்பிக் கொள்பவர்கள் பலர்.

இலங்கையில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவிக்கப்பட்டு வந்தவை. அவற்றின் ஒட்டுத்தாளில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்கும். அளவு கிலோபஸ்கால் அலகில் இருக்கும். மொழி தெரியாவிட்டால் என்ன? எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அந்த எண்ணை ஏறத்தாழ ஏழால் வகுத்தால் இறாத்தல் கணக்கு வந்துவிடும். 220 என்றால் 32 இறாத்தல். 240 என்றால் 35. எரிபொருள் சிக்கனத்துக்காக உருவாக்கப்பட்ட சில சிறிய ஜப்பானியக் கார்களுக்கு 240 அல்லது அதற்கு மேலேயே விதிக்கப்பட்டுள்ளது. அத்தகைய காருக்கு நமது கடைக்காரர் 30 அடித்து அனுப்பினால் முதல் நாளிலேயே ஐந்து இறாத்தல் குறைவு. ரயரிலிருந்து மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் இயல்பாகவே கசியும். மூன்று மாதம் பார்க்காமல் விட்டால் 27. அந்த நிலையில்தான் ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி 400 கிலோமீற்றர் ஓடுகின்றோம்.

புதிய கார்களில் எச்சரிக்கை விளக்கு இருக்கின்றதே என்று புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த விளக்கின் பிறப்பே ஒரு துயரக் கதை. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தது. அவற்றில் பல ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டிருந்தன. அமெரிக்காவில் மாத்திரம் 270க்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த ரயர்களுடன் தொடர்புபடுத்தப்பட்டன. ரயரின் தயாரிப்பா, வாகனத்தின் வடிவமைப்பா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அந்தச் சர்ச்சையின் நடுவே நின்றது ஒரு சிறிய எண். ஃபோர்ட் விதித்த அளவு 26 இறாத்தல். ரயர்க் கம்பனி பின்னர் வலியுறுத்தியது 30. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா புதிய சட்டத்தை இயற்றியது. அதன் விளைவாகவே எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று.

ஆனால், அமெரிக்க விதிப்படி விதித்த அளவிலிருந்து கால்வாசி குறைந்த பின்னர்தான் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். 32 இருக்க வேண்டிய ரயர் 24க்கு இறங்கும் வரை அது மௌனமாக இருக்கலாம். ரொறன்ரோவில் ஒக்டோபர் மாதம் 15 பாகை வெப்பத்தில் 32 அடித்தவர், ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் காரை எடுக்கும்போது, ஒரு துளி காற்றும் கசியாமலேயே ஐந்து இறாத்தலை இழந்திருப்பார். வெப்பநிலை ஆறு பாகை குறைந்தால் ஏறத்தாழ ஓர் இறாத்தல் குறையும் என்பது கணக்கு. விளக்கு எரியாத அந்தக் குளிர் மாதங்களில், பனி படிந்த நெடுஞ்சாலையில், பிள்ளைகளுடன் குறைந்த காற்றில் பயணம் நடக்கின்றது. விளக்கு கடைசிக் காவலன். முதற் காவலன் நீங்கள்தான்.

காற்றைப் பார்க்கும் நேரமும் முக்கியமானது. ஒட்டுத்தாளில் உள்ள அளவு குளிர்ந்த ரயருக்கு உரியது. கார் மூன்று மணித்தியாலங்களாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய ரயரில் சூட்டினால் நான்கைந்து இறாத்தல் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு பயந்து காற்றைத் திறந்து விடுவது தவறு, ஆறியதும் குறைந்துவிடும். சிறந்த வழி, வீட்டில் சொந்தமாக ஓர் அமுக்கமானி வைத்திருப்பது. காலையில் வீட்டில் பாருங்கள். 32 வேண்டிய இடத்தில் 28 காட்டினால் குறைவு நான்கு. நிரப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கையில் அது 30 காட்டினால் 34 வரை நிரப்புங்கள். மேலதிகச் சில்லையும் மறக்க வேண்டாம். தற்காலிகப் பாவனைக்கான மெல்லிய சில்லுக்குப் பொதுவாக 60 இறாத்தல் தேவை. பலரது காரில் அது காற்றில்லாமல் படுத்திருக்கும்.

இன்று நைதரசன் என்று சொல்லிப் பணம் வாங்குகின்றார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். வாங்குவதில் தீமை இல்லை. ஆனால், நைதரசன் அடித்தாயிற்று, இனிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பதே தீமை.

"எங்கள் அப்பா காற்றே பார்க்காமல் முப்பது வருடம் கார் ஓட்டினார்" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அப்பா ஓட்டிய வீதியும் வேகமும் வேறு. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக வீதி திறக்கப்பட்ட பின்னர் சாதாரணக் குடும்பக் காரும் மணிக்கு 100 கிலோமீற்றரில் தொடர்ந்து ஓடுகின்றது. அந்த வேகம் பழைய கவனயீனத்தை மன்னிக்காது.

அரசாங்கத்துக்கும் இதில் பங்குண்டு. வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. வரவேற்கத்தக்கதே. கார் அங்கே வந்து நிற்கும் அதே பத்து நிமிடத்தில் நான்கு ரயர்களின் காற்றையும் அளந்து, ஒட்டுத்தாளில் உள்ள அளவையும் சேர்த்து ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? அரிசி நிறுக்கும் தராசில் நூறு கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகும் நாம், நிரப்பு நிலையத்தின் அமுக்கமானி சரியானதா என்று கேட்பதில்லை. அதையும் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும்.

எனது தொழில்சார் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரயர் வெடித்த விபத்துச் செய்தி வரும்போது, வெடிக்காத மற்ற மூன்று ரயர்களிலும் காற்று எவ்வளவு இருந்தது என்று பொலிஸாரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பத்துத் தடவை கேட்கப்பட்டால், அதை அளந்து பதியும் வழக்கம் பொலிஸாரிடமும் உருவாகும்.

வாசகர்களே, அமுக்கமானி விலை உயர்ந்த பொருளல்ல. நான்கு ரயர்களையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மாதமொரு முறையும், நல்லூருக்கோ மடுவுக்கோ குடும்பத்துடன் புறப்படும் நீண்ட பயணத்துக்கு முன்னரும் பாருங்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்துப் பயணம் தொடங்குவது நம்மவர் வழக்கம். அதை நான் குறை கூறவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது, அப்படியே வால்வு மூடியையும் கழற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.