மலை சொல்லிக்கொடுத்த வண்டி



இந்த இதழ் முழுக்க மலைப்பாதை சைக்கிள்கள்தாம். கட்டுரைகளைத் தொகுத்து முடித்தபோது என்னை வியக்கவைத்தது ஒன்று: இந்த வண்டி பிறந்தது சேர்ந்து மலையேறிய சில நண்பர்களின் கைகளில்.

கலிஃபோர்னியாவில் டமால்பைஸ் மலையடிவாரம். 1970-களில் அங்கே ‘வெலோ கிளப் டமால்பைஸ்’ என்றொரு ரேஸ் குழு இருந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். பந்தயத்துக்கு மெல்லிய டயர் வண்டி. மலைக்கோ, பழைய இரும்பு விலைக்குக் கிடைத்த, 1930, 40-களின் பருத்த டயர் ஷ்வின் சைக்கிள்.

1976 அக்டோபர் 21 அன்று, யார் வேகமானவர் என்று பார்த்துவிடலாம் என ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்சாலையில் ஒவ்வொருவராக நேரம் குறித்து இறங்கினார்கள். ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி சரிவு. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக், இறங்கி முடிப்பதற்குள் கொதித்துவிடும். ஹப்பில் இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். பிரித்துத் துடைத்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். அங்கே நடந்த பந்தயங்களில் ஃபிஷரின் 4 நிமிடம் 22 நொடிதான் சாதனை நேரம். இதையெல்லாம் இன்று நாம் கண்ணால் காண முடிகிறதென்றால், தானும் வண்டியோட்டிக்கொண்டே படமெடுத்த வெண்டி கிராக் என்ற பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிரேக் தீய்ந்ததால் டிரம் பிரேக் வந்தது. மேட்டில் தள்ளிக்கொண்டு போக முடியாமல் கியர் வந்தது. பழைய ஃபிரேம்கள் அடி தாங்காததால், ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே புதிய ஃபிரேம் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் 10 வண்டிகளை முடித்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு இடம்பிடித்துவிட்டது.

எல்லாம் பழைய வண்டிகளில்தான் தொடங்கியது. ஆகவே, புதிதாக மலைப்பாதைக் குழுவில் சேர்பவர்கள் கார்பன் ஃபிரேம் பற்றிக் கேட்டால், அது பிறகு ஆகட்டும் என்றுதான் சொல்வேன். முதலில் நல்ல ஹெல்மெட், நம்பகமான பிரேக், பிடிப்புள்ள டயர். டயரில் காற்றைக் கல்போல ஏற்றாதீர்கள். கொஞ்சம் குறைத்தால்தான் டயர் வேரையும் கல்லையும் கவ்வும். ரொம்பக் குறைத்தாலோ, கல்லில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு, பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், அழுத்தி அழுத்தி விடுங்கள். ஸ்பேர் டியூப், பம்ப், செயின் லிங்க் மூன்றும் பையில் இருக்கட்டும்.

பாதைக்கும் ஒரு மரியாதை உண்டு. நடந்து வருபவருக்கும், மேடேறி வருபவருக்கும் வழிவிட வேண்டும். மழை நனைத்த பாதையில் ஓட்டினால் சக்கரத்தடம் வாய்க்காலாகி மண்ணை அரித்துவிடும். அன்று வீட்டில் இருப்பதே நல்லது. டமால்பைஸ் மலையிலேயே, நடப்பவர்களுடன் எழுந்த உரசலால், ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை வந்தது. மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் வேகக் கட்டுப்பாடும் வந்தது. 1988-ல் கலிஃபோர்னியாவின் 5 மலைப்பாதை சைக்கிள் குழுக்கள் ஒன்றுகூடி சர்வதேசச் சங்கம் அமைத்து, பாதை நெறிகளைப் பரப்பி, மண்வெட்டியும் கையுமாகப் பாதை பராமரிப்பில் இறங்கியதற்கு இப்படிப்பட்ட தடைகளே காரணம். அந்த வேலையை எந்தப் பந்தய வெற்றியையும் விடப் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு குழு இருந்தால் எழுதுங்கள். வனத்துறை அனுமதியை எப்படி வாங்குகிறீர்கள், பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆளுக்காக யார் நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்