கைவினைக்கு உரிய கூலி: பொறுப்பு நம் அனைவருக்கும்

பத்தமடைப் பாயைக் கையில் எடுத்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்பதுதான். கோரையை அறுத்துக் கீறி, வெயிலில் காயவைத்து, கட்டுக்கட்டாகத் தாமிரபரணி நீரில் பல நாள் ஊறப்போட்டு, நூல்போல மெலிதாக வகிர்ந்தெடுத்த பிறகே நெசவு தொடங்குகிறது. தரையோடு தரையாகக் கட்டிய பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து அடிக்க வேண்டும். நுணுக்கமான பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். இந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால், குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது.

கூலியைக் காப்பதற்காக உருவானவையே நியாய வணிகக் கடைகள். 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்டோ ரிக்கோ பெண்களின் கைத்தையல் துணிகளைத் தம் ஊருக்குக் கொண்டுவந்து விற்று, பணத்தை அவர்களிடமே சேர்த்தார். இந்த இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் அதுவும் ஒன்று. உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் முக்கியமானது முன்பணம்: கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், கைவினைஞர் கேட்டால் குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்கூட்டியே தர வேண்டும்.

ஏனென்றால், கோரைக்கும் சாயத்துக்கும் நூலுக்கும் முதலில் கைக்காசு வேண்டும். அது இல்லாதவர் வியாபாரியிடம் கடன் வாங்குகிறார். பிறகு கடன் கொடுத்தவர் வைத்ததே விலையாகிறது. முன்பணம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

அதே முன்பணம் கடைக்காரருக்குச் சுமை. சரக்கு வரும் முன்பே அவர் பணம் முடங்கிவிடுகிறது. வாடகையும் சம்பளமும் மாதம் தவறாமல் வருகின்றன. வாடிக்கையாளர் அப்படி வருவதில்லை. நல்லெண்ணம் மட்டுமே முதலாக இருந்தால் கடை மூடப்படும். மூடினால், நெய்தவர் பழைய கடன்காரரிடமே திரும்ப வேண்டியதுதான். எனவே இந்தச் சுமையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கடை தன் கணக்கைத் திறந்துவைக்கட்டும். நெய்தவருக்கு எவ்வளவு, கடைச் செலவுக்கு எவ்வளவு என்று விலைச் சீட்டிலேயே எழுதட்டும். ‘விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்’ என்ற வழக்கத்தைக் கைவிடட்டும். கைவினைஞர்களும் சொன்ன தேதியையும் ஒப்புக்கொண்ட தரத்தையும் காக்க வேண்டும். முகூர்த்தம் முடிந்த பிறகு வரும் பாயால் கடையின் பெயர்தான் கெடும்.

அரசுக்கு வழி புதிதல்ல. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும், 1973இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமும் பொதுப் பணத்தால் சந்தை உருவாக்க முடியும் என்று காட்டியவை. கைவினைக் கடைகளுக்கும் குழுக்களுக்கும் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டியில் நடைமுறை மூலதனம் தரட்டும். அரசு விழாக்களின் நினைவுப் பரிசுகள் அந்தந்த மாவட்டத்துக் கைவினைஞர்களிடமிருந்து வரட்டும்.

மீதிப் பொறுப்பு வாங்கும் நம்முடையது. மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் செலவிட்டுவிட்டு, மணமக்கள் பெயரை நெய்த பாய்க்கு மட்டும் பேரம் பேசுவது நியாயமாகாது. நாம் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் நெய்தவரின் கூலியிலிருந்துதான் கழிகிறது.

பள்ளி ஆண்டு விழா, அலுவலகத்துத் தீபாவளிப் பரிசு, குடியிருப்போர் சங்க விழா என்று ஏதோ ஒரு செலவை முடிவுசெய்யும் இடத்தில் நம்மில் பலர் இருக்கிறோம். இந்த ஆண்டு அவற்றில் ஒன்றையேனும் கைவினைஞருக்கு ஒதுக்குவோம். மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுப்போம்; பாதிப் பணத்தை அன்றே கொடுப்போம்.