பயிற்சி என்ற பெயரில் காப்பகம்

குழந்தைகளுக்கான கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். பட்டைகள் விற்கப்படுகின்றன, கலை கெட்டுவிட்டது, தற்காப்புக் கூடம் பிள்ளை பார்க்கும் இடமாகிவிட்டது என்பது அவர்களின் புலம்பல். முதலிரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவதுதான் சிக்கலைத் திசைதிருப்புகிறது.

புனேயின் கேம்ப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 1817ஆம் ஆண்டுக் கட்கிப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படைக்கென எழுந்த பாளையம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட பள்ளிகள் அங்கு நெருங்கி நிற்கின்றன. பள்ளிகள் பிற்பகலில் விட்டுவிடும். கராடிக்கும் ஹிஞ்சவடிக்கும் வேலைக்குச் சென்ற பெற்றோர் வீடு திரும்ப இருட்டிவிடும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கான வழிகாட்டு நெறிகளோ ஆறு வயதோடு நின்றுவிடுகின்றன. ஏழு வயதுப் பிள்ளை மாலை நேரத்தில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அரசின் நம்பிக்கை போலும். அந்த வெற்றிடத்தில்தான் வெள்ளைச் சீருடை நுழைகிறது.

பெற்றோர் வாங்குவது நேரம்; கூடம் விற்பதும் நேரம். ரசீதில் மட்டும் 'பயிற்சி' என்று எழுதப்படுகிறது. இந்தப் பெயர்மாற்றம் வெறும் வணிகத் தந்திரமன்று. இருபுறமும் பொறுப்பிலிருந்து தப்ப அது வழிசெய்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், முதலுதவி அறிந்தவர் யார், பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது என்று கேட்டால், இது விளையாட்டு வகுப்பு என்று பதில் வரும். கற்பித்தலின் தரத்தைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள்தானே, ஓடியாடினால் போதாதா என்பார்கள்.

காப்பகமானதால் கலை கெட்டது என்பது வரலாறு அறியாத வாதம். இதோசு அங்கோ 1901இல் ஒகினாவாவின் தொடக்கப் பள்ளியில் கராத்தேயைப் புகுத்தினார். பினான் கட்டாக்களை மாணவர்களுக்காகவே எளிமைப்படுத்தி அமைத்தார். வண்ணப் பட்டைகள் பரவியதில் 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாயிஷிக்குப் பெரும் பங்குண்டு; படிப்படியான ஊக்கமே அவற்றின் நோக்கம். புனேயின் பழைய பேட்டைகளில் உள்ள மல்யுத்தத் தாலீம்களும் (அந்த அரபுச் சொல்லுக்கே கல்வி என்றுதான் பொருள்) பிள்ளைகள் கிடந்து வளர்ந்த இடங்களே. பராமரிப்பும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாதென்று யாரும் நிறுவியதில்லை.

தரம் எங்கே சரிகிறது என்பதைக் கால் பாதத்தில் காணலாம். பக்கவாட்டில் உதைக்கும்போது ஊன்றிய பாதம் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் முழங்கால் முறுக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் ஒருவர் குனிந்து பார்த்துத் திருத்தினால்தான் இது நடக்கும். நாற்பது பிள்ளைகளை ஓர் ஆசிரியரிடம் விட்டால் நடக்காது. அங்கே பன்னிரண்டு வயதுப் பச்சைப் பட்டைச் சிறுமி ஒருத்தி முன்னே நின்று 'இச்சி, நி, சான்' என்று எண்ணுவாள். கட்டணம் செலுத்திய பிள்ளையே ஊதியமில்லாத உதவியாளராக, உண்மையில் ஆயாவாக, மாறிவிடுகிறாள். இதற்குத் 'தலைமைப் பண்பு' என்று பெயர். ஜூடோவில் எறிவதற்கு முன் விழக் கற்பிப்பதே மரபு. இங்கோ விழுவதற்கு மெத்தைகூட இருப்பதில்லை. தேர்வுக் கட்டணம் செலுத்திய எவரும் தோற்பதுமில்லை.

சான்றிதழைப் பார்த்துச் சேர்க்கலாமே என்பார்கள். 2020இல் உலகக் கராத்தே சம்மேளனமே இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்ட நாட்டில், சுவரில் தொங்கும் சட்டத்தை எந்தப் பெற்றோர் சரிபார்ப்பார்? பயிற்சியாளரைத் திட்டுவதும் எளிது. மணிக்கணக்கில் கூலி பெறும் அந்த இளைஞருக்குக் குழந்தைகளைக் கையாள யாரும் கற்றுத்தரவில்லை.

எனவே கேட்கவேண்டியது இதுதான்: பள்ளி விட்டபின் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைக் கட்டணம் பெற்று வைத்திருக்கும் எந்தக் கூடமும் சட்டப்படி காப்பகமாகவே பதிவு செய்யப்படவேண்டும். கராத்தேயும் கற்பிப்பதாகச் சொன்னால், அதற்கான தகுதியைத் தனியே காட்டவேண்டும்.