கணவாய்க்கு ஒரு நுண்ணோக்கி

2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவருடைய தொண்டைச் சளி மாதிரி புனேவில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தை அடைந்தது. அங்கே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைத் துழாவிப் பார்த்த விஞ்ஞானிகளுக்குக் கரோனாவின் சாயல் கொண்டவையாகச் சிக்கியவை ஏழே ஏழு துகள்கள். அவற்றுள் ஒன்றின் அளவு 75 நானோமீட்டர். அதன் விளிம்பில் காம்பும் குமிழுமாக முட்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியான அந்தப் படத்தை அப்போது நாடே பார்த்தது.

புதிய வைரஸ் என்றால் புனேதான் சரியான இடம். அதற்கான பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. ஆனால், சிறுநீரகத்திலிருந்து எடுத்த ஒரு மில்லிமீட்டர் சதைத் துணுக்கையும், அரிவாள் செல் நோயாளியின் ஒரு சொட்டு ரத்தத்தையும் பார்ப்பதற்குப் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வழியில்லாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சிறுநீரில் புரதம் ஒழுகி, முகமும் காலும் வீங்கி வரும் நோயாளிகளில் ஒரு வகையினர் உண்டு. அவர்களுடைய திசுவைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். வடிகட்டிச் செல்களின் மெல்லிய பாதங்கள் தேய்ந்து ஒட்டிக்கிடப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டும். பரம்பரையாக வரும் ஆல்போர்ட் நோயில் வடிகட்டிச் சவ்வு அடுக்கடுக்காகப் பிளந்திருப்பதும் அப்படித்தான் தெரியவரும். மருந்தைத் தேர்ந்தெடுக்கவும், குடும்பத்தில் வேறு யாருக்கு ஆபத்து என்று சொல்லவும் இந்த வேறுபாடு தேவை.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் கதை வேறு. இருளர், முதுகர், குறும்பர் வாழும் அந்த மலையில் அரிவாள் செல் ரத்தசோகை தலைமுறைகளாக இருந்துவருகிறது. நோயைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை போதும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டியதில்லை. நோயைப் புரிந்துகொள்ளத்தான் அது வேண்டும். மூலக்கூறில் நேரும் கோளாறே இந்த நோய் என்று 1949இல் லைனஸ் பாலிங் குழு சொன்னது. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் 14 இழைகளாக முறுக்கிக்கொண்டு கயிறாகி, செல்லை வளைத்துவிடுகிறது என்பதை 1970களின் இறுதியில் காட்டியது எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான். அந்தக் கயிறு உருவாகாமல் தடுக்கும் மருந்துகளைத் தேடுவது இன்றைய ஆராய்ச்சி. அட்டப்பாடிக்காரர்களின் ரத்தத்தை வைத்து அந்த ஆராய்ச்சி நடக்குமானால், அது அங்குள்ள கோட்டத்தறை மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் நடக்க வேண்டும்.

எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. அங்குள்ள மையக் கருவியகத்தில் பரப்பை வருடிப் படமெடுக்கும் வகை எலெக்ட்ரான் நுண்ணோக்கி உண்டு. உலோகத்துக்கும் பாலிமருக்கும் அது அருமையான கருவி. ஆனால், செல்லின் உள்ளே பார்க்க, திசுவை ஊடுருவும் வகை வேண்டும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், ஐம்பது கிலோமீட்டரில் கோவை. அங்கே வேளாண் பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்.ஜி. நிறுவனத்திலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் உள்ளன. அவை பயிருக்கும் நானோ பொருள்களுக்கும் என்று வந்தவை. மருத்துவத் திசுவையே அன்றாட வேலையாகக் கொண்ட ஒரு பொதுக் கூடம் இந்த வட்டாரத்துக்குத் தேவை.

கருவி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், திசு எப்படித் தயாராகிறது என்பதை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். உடலிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் சதைத் துணுக்கைக் குளூட்டரால்டிஹைடில் போட வேண்டும். தாமதித்தால் செல் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஊறித் துணுக்கு கறுக்கும். ஆல்கஹாலில் நீர் நீங்கும். பிசினில் அமிழ்ந்து, அடுப்பில் கல்லாய் இறுகும். அதை வைரக் கத்தியால் சீவும்போது, சீவல்கள் கத்தியோரத்துத் தண்ணீரில் மிதக்கும். தொழில்நுட்பர் அவற்றின் நிறத்தைப் பார்ப்பார். பொன்னிறம் என்றால் கனம் கூடிவிட்டது. வெள்ளி நிறம் என்றால் ஏறக்குறைய 60 முதல் 90 நானோமீட்டர். அதைத்தான் மூன்று மில்லிமீட்டர் செப்பு வலையில் ஏந்தி எடுப்பார். இந்தக் கைப்பழக்கம் வரப் பல மாதங்கள் ஆகும். கை பழகியவர் வேலையை விட்டுப் போனால், கோடிகள் கொடுத்து வாங்கிய கருவி தூசி படிந்து நிற்கும்.

வேலூர் இதற்கு நல்ல பாடம். சிஎம்சி மருத்துவமனையின் வெல்கம் ஆய்வுப் பிரிவில் எஸ்.ஜே. பேக்கர், வி.ஐ. மாதன், மின்னி மாதன் ஆகியோர், சுற்றுவட்டாரக் கிராமங்களைத் தாக்கிய ஸ்ப்ரூ எனும் குடல்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மனித மலத்தில் கரோனா வைரஸை ஒத்த துகள்கள் இருப்பதை அந்தக் குழு 1975இல் லான்செட் இதழில் எழுதியது. உலகம் கரோனா என்ற பெயரைக் கற்றுக்கொள்வதற்கு 45 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. கிராமம், மருத்துவமனை, நுண்ணோக்கி மூன்றும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்ததும், பழகிய கைகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்ததும்தான் அதைச் சாத்தியமாக்கின. இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை 1940களில் கல்கத்தாவில் உருவாக்கிய நிரஜ்நாத் தாஸ்குப்தாவும், காலா-அசார் ஒட்டுண்ணியின் அமைப்பைப் பார்க்கவே அதைத் திருப்பினார். இந்த நாட்டில் இக்கருவி தொடக்கத்திலிருந்தே நோயாளியின் பக்கம் நின்றிருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்? 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து திரட்டப்பட வேண்டியது. ஐஐடி போன்ற பொது நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொடுக்கலாம் என்று 2019லேயே விதி தளர்ந்துவிட்டது. பாலக்காட்டில் 1,710 ஏக்கரில் 3,806 கோடி ரூபாய்க்குத் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அங்கே வரவிருக்கும் தொழில்களில் மருந்து வேதிப்பொருள்களும் உண்டு. நானோ துகளில் மருந்தை ஏற்றும் எந்த நிறுவனமும் இந்த நுண்ணோக்கியைக் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தும். கேட்க ஆள் இருந்தால், பணத்துக்கு வாசல்கள் இருக்கின்றன.

கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொள்ளும் பழக்கமும் நிற்க வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்களின் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, வரி 18 ஆனது. ஆறு கோடி ரூபாய்க் கருவி என்று வைத்துக்கொண்டால், கூடுதல் சுமை மட்டும் 78 லட்சம். இரண்டு தொழில்நுட்பர்களுக்குப் பல ஆண்டுகள் சம்பளம் கொடுக்கக்கூடிய தொகை அது.

பகிர்ந்துகொள்வதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிரிட்டனில் டயமண்ட் ஆய்வகத்தின் கிரையோ நுண்ணோக்கி மையத்துக்கு வெல்கம் அறக்கட்டளையும் இரண்டு அரசு ஆராய்ச்சி மன்றங்களும் சேர்ந்து 156 லட்சம் பவுண்டு கொடுத்தன. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் விஞ்ஞானிகள் நேரம் கேட்டு வாங்கலாம். இங்கேயும் 2020இல் ஐ-ஸ்டெம் தளம் தொடங்கி, எந்தக் கருவி எங்கே என்று பட்டியலிட்டுவிட்டார்கள். ஆனால், இடுக்கி மாவட்டத்தின் பைனாவில் இருக்கும் மருத்துவர் தளத்தில் நேரம் பதிவுசெய்து என்ன பயன்? அவர் கையில் குளூட்டரால்டிஹைடு குப்பி இருக்க வேண்டும். நிலைப்படுத்திய துணுக்கு குளிர்ந்த கரைசலில் நாள்கணக்கில் கெடாது. செறுதோணியிலிருந்தோ மூணாற்றிலிருந்தோ அதை வண்டியில் அனுப்பிவிடலாம். இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் கோட்டத்தறைக்கும் அந்தக் குப்பிகளையும், அவற்றைக் கையாளும் பயிற்சியையும் கொடுப்பதற்கு ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் மிகச் சிறிய பங்கு.

மாநில எல்லை இதில் குறுக்கே வரக் கூடாது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா உறுதியானபோது, தமிழ்நாடு வாளையாறு சோதனைச் சாவடியில் கண்காணிப்பைக் கூட்டியது. கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்கும், குமுளித் தோட்டத் தொழிலாளி தேனி மருத்துவக் கல்லூரிக்கும் வைத்தியத்துக்குப் போவது இன்று நேற்றல்ல. நோயும் நோயாளியும் இரு பக்கமும் போய்வரும் இடத்தில், கருவியின் பயன்பாட்டுக் குழுவிலும் இரு பக்கத்து மருத்துவர்களும் இருக்க வேண்டும்.

பாலக்காடு ஐஐடி இடம் தரட்டும். பாலக்காடு, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிகளும் கோவை, தேனி மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரே விண்ணப்பமாக அனுசந்தான் அறக்கட்டளைக்கு அனுப்பட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பத்தாண்டுப் பணத்தைத் தனியாக ஒதுக்கட்டும். கேரள, தமிழ்நாடு அரசுகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கருவிக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் அதே நாளில், அதை இயக்கும் இரண்டு நிரந்தரப் பணியிடங்களுக்கும் அரசாணை வெளியிடுங்கள்.